எல்லா வசதியும் இருக்குதுங்க

அந்தப் படத்துக்கு வந்த விமர்சனங்களில் பெரும்பாலானவற்றில் ஒரே வாக்கியம் இருந்தது. லாஜிக் இல்லை. ஒருவர் பின்னால் புத்தக அலமாரி தெரியும்படி சிவப்பு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "டைரக்டர் எதைக் குடிச்சிட்டு இதை எழுதினாரு?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தார். படம் வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அந்தச் சிரிப்பின் மேல் எனக்கிருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பனியன் கம்பெனி. சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையரின் ஆட்கள் சோதனைக்கு வருகிற நாளில், அங்கே வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் துணி ரோல்களாக மாறிவிடுவார்கள். சூப்பர்வைசர் அவர்களைத் தோளில் தூக்கிப்போய் குடோனில் அடுக்குவார். சாயங்காலம் பிரித்து உதறினால் மறுபடியும் ஆளாகிவிடுவார்கள். அவசர அவசரமாக உதறியதில் ஒருத்தியின் கை இன்னொருத்திக்குப் போய்விடும். சோதனைக்கு வந்தவர்கள் மூன்று பேரும் படம் முழுக்க இளநீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். பின்சுவரில் 'அவசர வழி' என்று ஒரு கதவைப் பெயிண்டால் வரைந்திருப்பார்கள். ஆயுத பூஜைக்கு அந்தக் கதவுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் பூசணிக்காய் உடைப்பார்கள். பிறகு ஒருநாள் தீப்பிடிக்கும், எல்லோரும் அந்தக் கதவை நோக்கி ஓடுவார்கள். அதுவரை பேய்ப்படம் போலப் போய்க்கொண்டிருந்த படத்தில் அப்போது ஒரு குத்துப்பாட்டு வரும். பாட்டு முடிந்தால் கோர்ட். நீதிபதி இருக்கையில் ஒரு தையல் மிஷின் உட்கார்ந்திருக்கும்.

இது பேய்ப்படமா, காமெடியா, கோர்ட் படமா, எந்தப் பெட்டியில் போடுவது என்று ஒரு பத்திரிகை கவலைப்பட்டது. போடுவதற்குப் பெட்டி இல்லாவிட்டால் இவர்களுக்குத் தூக்கம் வராது. பாராட்டியவர்கள் இன்னும் மோசம். ஐரோப்பியப் பாணி மீயதார்த்தம், துணிச்சலான உருவகம், கட்டற்ற கற்பனை என்றெல்லாம் எழுதினார்கள். கோயமுத்தூருக்கு ஒரு டிக்கெட் எடுத்து, அங்கிருந்து பஸ் ஏறி ஒரு மணி நேரம் வந்து பார்ப்போம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வந்திருந்தால் அந்தக் கற்பனை திருப்பூர் மங்கலம் ரோட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்பதைப் பார்த்திருக்கலாம்.

இவ்வளவு எகிறுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்றால், அந்தப் படத்தில் ஆட்களைத் துணியாகச் சுருட்டுகிற வேலையை நிஜத்தில் செய்தவன் நான்.

பொங்கலூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. படித்துவிட்டு ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் கம்ப்ளையன்ஸ் மேனேஜராகச் சேர்ந்தேன். சட்டப்படி எல்லாம் நடக்கிறதா என்று பார்ப்பது அந்த வேலை என்று சொல்வார்கள். நடக்கிற மாதிரி காட்டுவதுதான் அந்த வேலை. இப்போது அந்தக் கம்பெனியில் நான் இல்லை. இந்தத் தைரியம் வந்திருப்பதற்கு அதுதான் காரணம், வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

பையரின் ஆட்கள் சோதனைக்கு வருகிற ஆடிட்டுக்கு இரண்டு நாள் முன்பே எங்கள் கம்பெனியில் வேலை தொடங்கிவிடும். கணக்கில் இல்லாத காண்ட்ராக்ட் ஆட்களை அன்றைக்கு வேனில் ஏற்றித் திருமூர்த்தி மலைக்கு அனுப்புவோம். புளிசாதம், தயிர்சாதம் பொட்டலம் கட்டித் தருவோம். அருவியில் குளித்து, சாமி கும்பிட்டுவிட்டு, ஆடிட்டர் போனபின் திரும்பி வருவார்கள். "அடுத்த ஆடிட் எப்ப சார்?" என்று ஆசையாகக் கேட்கிறவர்கள்கூட உண்டு. மற்றவர்களை கேன்டீனில் உட்காரவைத்து நான் பதில் சொல்லிக்கொடுப்பேன். நோட்டோ மைக்கோ வைத்துக்கொண்டு யார் என்ன கேட்டாலும் இதுதான் பதில் என்று பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வது போலச் சொல்லவைப்பேன். எட்டு மணி நேரந்தானுங்க. குடிதண்ணி இருக்குதுங்க. யாரும் திட்ட மாட்டாங்க. எல்லா வசதியும் இருக்குதுங்க. அவசர வழி எப்பவும் தொறந்தே இருக்குதுங்க.

அந்த அவசர வழி எங்கள் கம்பெனியில் வரைந்த கதவு இல்லை, இரும்புக் கதவு. அந்த வழியாகத் தைத்த பீஸ் திருட்டுப் போகிறது என்று முதலாளி பூட்டுப் போட்டிருந்தார். பூட்டின கதவுக்கு முன்னால் பண்டல்களை இடுப்புயரத்துக்கு அடுக்கியிருப்பார்கள். ஆடிட் அன்று மட்டும் பண்டல் நகரும், பூட்டு என் மேஜைக்கு வரும், பச்சை போர்டைத் துடைத்து வைப்போம்.

படம் வருவதற்கு முந்தின வருஷம் அயர்னிங் செக்ஷனில் வயர் எரிந்து புகை கிளம்பியது. தீ என்று சொல்ல முடியாது, வெறும் புகைதான். ஆனால் அதற்குள் எல்லோரும் பின்கதவுக்கு ஓடிவிட்டார்கள். பண்டல்மேல் ஏறினார்கள், பூட்டை இழுத்தார்கள், பின்னால் வந்தவர்கள் முன்னால் இருந்தவர்களை நெருக்கினார்கள். செக்கிங் டேபிளில் வேலை செய்த ஒரு பெண்ணின் வலது கை கதவுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் மாட்டி மணிக்கட்டு உடைந்தது. நாற்பது வயதிருக்கும். கோவில்பட்டிப் பக்கமிருந்து வந்து இருபது வருஷமாகத் திருப்பூரில் இருப்பவர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்ததாக நான் டைப் செய்து எடுத்துப் போனேன். கையில் கட்டு இருந்ததால் இடது கையால் கையெழுத்துப் போட்டார். எலும்பு சேர்ந்தபோது கொஞ்சம் கோணலாகச் சேர்ந்துவிட்டது. கதவு மறுநாளே பூட்டப்பட்டது.

படம் வெள்ளிக்கிழமை வந்தது. பனியன் கம்பெனிக் கதை என்று ஊரெல்லாம் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு நான் தனியாகப் போனேன். தியேட்டர் நிறைய எங்கள் ஆட்கள். நான்கு வரிசை முன்னால் கை உடைந்த அந்த அம்மாவும் லைனில் கூட வேலை செய்கிற பெண்கள் இரண்டு மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். சர்ச்சிலிருந்து நேராக வந்திருந்தார் போலிருக்கிறது, கையில் பைபிள் இருந்தது.

துணி ரோல் காட்சியில் மற்ற ஊர்களில் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். எங்கள் தியேட்டரில் யாரோ ஒருவர், "டேய், திருமூர்த்தி மலைக்கு வுடுங்கடா" என்று கத்தினார், அதற்குத்தான் சிரிப்பு. வரைந்த கதவைப் படத்தின் கதாநாயகி இரண்டு கையாலும் தள்ளும் காட்சியில் சத்தமே இல்லை. நான் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு முன்னால் இருந்த அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்தபடி, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தப் படத்துக்கு இந்த உலகத்தில் சரியான விமர்சகர் ஒருவர் உண்டு என்றால் அவர்தான். இதை நான் அலங்காரமாகச் சொல்லவில்லை. அந்தக் கதவை நிஜமாகவே தள்ளிப் பார்த்தவர் அவர்.

வெளியே ஒரு யூடியூப் சேனல்காரர் மைக்கோடு நின்று ஒவ்வொருவரையும் மடக்கிக்கொண்டிருந்தார். "அக்கா, படம் எப்படி இருக்கு?" என்று அந்த அம்மாவிடம் நீட்டினார். அவர் வாயைத் திறந்தார். சொல்ல நிறைய இருந்தது, முகத்தில் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து கேமராவுக்குப் பின்னால் நான் வந்து நின்றேன். வேண்டுமென்று நிற்கவில்லை. பைக் அந்தப் பக்கம் இருந்தது. ஆடிட் நடக்கும்போது ஆடிட்டரின் நாற்காலிக்குப் பின்னால் நான் எப்படி நிற்பேனோ அதே மாதிரி நின்றுவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். முதுகு நிமிர்ந்தது, இரண்டு கையும் முன்னால் கட்டிக்கொண்டன.

"எல்லா வசதியும் இருக்குதுங்க" என்றார்.

"அக்கா, படத்தைக் கேட்டேன்."

"எட்டு மணி நேரந்தானுங்க. குடிதண்ணி இருக்குதுங்க. யாரும் திட்ட மாட்டாங்க. கொறையே இல்லீங்க."

"படம் புடிச்சிருக்கா, இல்லையாக்கா?"

"அவசர வழி எப்பவும் தொறந்தே இருக்குதுங்க."

வாழ்நாளில் அவர் தானாக யாரிடமும் 'இருக்குதுங்க' என்று பேசியதில்லை. அது எங்கள் கொங்குப் பக்கத்துப் பேச்சு, என் பேச்சு. பதிலோடு சேர்த்து என் வாயையும் அவருக்குக் கொடுத்திருந்தேன்.

சாயங்காலத்துக்குள் அந்தத் துண்டு வீடியோ எங்கெங்கோ போய்விட்டது. படத்தை விட்டுவிட்டுத் தியேட்டருக்கு விமர்சனம் சொல்லும் அக்கா என்று பெயர் வைத்தார்கள். 'பாத்ரூம் சுத்தமா இருக்குதுங்களாக்கா' என்று கேட்டார்கள். ஒருவன் அதற்கு இசை போட்டுப் பாட்டாக்கினான். 'டேய், அது ஆடிட் பதில்டா' என்று திருப்பூர்க்காரர்கள் ஓரிருவர் எழுதியது கீழே எங்கோ முங்கிப் போனது. எல்லாவற்றுக்கும் மேல், அந்தச் சிவப்பு நாற்காலி மனிதர் தன் விமர்சனத்தில் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினார். "பாத்துட்டு வந்தவங்களுக்கே என்ன பாத்தோம்னு தெரியல. படத்தோட நிலைமை இதுதான்" என்று தீர்ப்புச் சொன்னார். ஒரு நல்ல படத்தைக் கொல்வதற்கு அந்தப் படம் யாரைப் பற்றியதோ அவரையே எடுத்து ஆயுதமாக்கினார். அடுத்த வெள்ளிக்கிழமை படத்தைத் தூக்கிவிட்டார்கள்.

முதலாளியும் படம் பார்த்தார். "ஏனுங் தம்பி, ஓவர்லாக் மிசின்ல உக்கோந்துட்டு பட்டன் வெக்கறானுங்க. ஒண்ணுந் தெரியாத பசங்க எடுத்துருக்கறானுங்க" என்றார். ஓவர்லாக்கில் ஓரம்தான் தைக்க முடியும். அத்தனை விமர்சனங்களிலும் உருப்படியாக ஒரு தப்பைக் கண்டுபிடித்தவர் அவர் ஒருவர்தான்.

நான் என்ன செய்தேன் என்றும் சொல்லித்தான் ஆகவேண்டும். சிற்றிதழ் ஒன்றில் புனைபெயரில் சினிமாக் கட்டுரைகள் எழுதுகிற பழக்கம் எனக்கு உண்டு. கோபத்தில் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினேன். அங்கதம், வகைமைக் கலப்பு, கனவின் தர்க்கம் என்று வெளுத்து வாங்கினேன். விமர்சகர்களை ஒரு பிடி பிடித்தேன். பூட்டைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. துணி ரோல் காட்சியைப் பற்றி எழுதும்போது 'இயக்குநரின் அபாரமான கற்பனை' என்று எழுதினேன். கட்டுரையைப் பலர் பாராட்டினார்கள். பாராட்டைப் படிக்கப் படிக்க என் மேலேயே காறித் துப்பத் தோன்றியது. ஆனால் பாராட்டை அழிக்கவும் இல்லை.

அந்த அம்மா மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. நான்காம் நாள் காலையில் என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எம் மக காலேஜ்ல எல்லாப் பிள்ளையளும் அதப் போட்டுப் போட்டுச் சிரிக்காவளாம் சார். அவ எங்கிட்ட பேச மாட்டேங்கா. நான் என்ன சார் தப்பாச் சொல்லிட்டேன்? நீங்க சொல்லித் தந்ததத்தான சொன்னேன்?"

"தப்பு உங்க மேல இல்லீங்கம்மா."

"படத்தப் பத்திச் சொல்லணும்னுதான் வாயத் தொறந்தேன். ஒங்க மூஞ்சியப் பாத்ததும் இதுதான் வருது. நான் என்ன செய்ய?"

மேஜையில் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தேன்.

"அடுத்த ஆடிட்ல என்னய உக்கார வைங்க சார். நீங்க அந்த ரூமுக்குள்ள வரக்கூடாது. கதவு பூட்டிக் கெடக்குன்னு நான் சொல்லணும். எங்கையக் காட்டணும். புதுசா அம்பது வடக்கத்திப் பிள்ளைய சேந்திருக்கு, அதுகளுக்கு அந்தக் கதவு பூட்டிக் கெடக்குதுன்னுகூடத் தெரியாது. நாளைக்கு நெசமாவே தீப்பிடிச்சா அங்கனதான் சார் ஓடும்."

சரி என்றேன். அடுத்த ஆடிட் வந்தபோது, "அந்த வீடியோக்காரம்மாள வேன்ல ஏத்தியுட்டுருங்க தம்பி" என்று முதலாளி சொன்னார். "வேண்டாமுங்கண்ணா, அவங்க நல்லாப் பதில் சொல்லுவாங்க" என்று நான் சொல்லிச் சமாளித்தேன். என் வேலைக்காலத்தில் முதலாளியிடம் நல்ல காரியத்துக்காகச் சொன்ன பொய் அது ஒன்றுதான். ஆனால் அன்று காலை பண்டல்களை நகர்த்தி, பூட்டை எடுத்து, கதவைத் திறந்து வைக்கச் சொன்னவனும் நானேதான். நகர்த்தாமல் விட்டிருக்கலாம். அந்த அம்மா சொல்லப்போவது அங்கே கண்ணால் பார்க்கிற மாதிரி இருந்திருக்கும். அது எனக்குத் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது, வேலை போய்விடுமே என்று பயந்துவிட்டேன்.

பெங்களூரிலிருந்து வந்த ஆடிட்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. தமிழ் நன்றாகப் பேசினார். அந்த அம்மாவை அறைக்குள் அழைத்தார். சொன்னபடி நான் வெளியே நின்றேன். கண்ணாடி வழியாக முகங்கள் தெரிந்தன, சத்தம் கேட்கவில்லை. அந்த அம்மா கையை நீட்டி மணிக்கட்டைக் காட்டினார். பின்பக்கம் கையைக் காட்டினார். பண்டலின் உயரத்தை இடுப்பில் கை வைத்துக் காட்டினார். இரண்டு கையாலும் காற்றைத் தள்ளிக் காட்டினார். ஆடிட்டர் முகத்தில் முதலில் யோசனை, அப்புறம் சட்டென்று வெளிச்சம். பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். செல்போனை எடுத்தார். அந்த அம்மாவின் பக்கத்தில் தன் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு செல்ஃபி எடுத்தார்.

வெளியே வந்ததும் என் தோளைத் தட்டினார். "சார், அந்த வைரல் அக்கா உங்க கம்பெனியா? சொல்லவேயில்ல! செமயா நடிக்கிறாங்க சார். அந்தப் படத்துல கதவைத் தள்ற சீன் இருக்குல்ல, அதை அப்படியே செஞ்சு காட்டுறாங்க."

"அவங்க சொன்னதை எழுதிக்கலீங்களா?" என்று கேட்டேன்.

"எதை எழுத? சினிமாக் கதையவா?" என்று மறுபடியும் சிரித்தார். "கதவைத்தான் நேர்ல பாத்துட்டேனே சார், நல்லாத் தொறந்திருக்கு. போட்டோகூட எடுத்துட்டேன்."

அப்போது முதலாளி அவருக்கு இளநீர் வெட்டச் சொல்லிக்கொண்டே வந்து சேர்ந்தார். என்ன விஷயம் என்று கேட்டார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்தம்மா சொல்வது அத்தனையும் உண்மை, கதவை இன்று காலையில்தான் திறந்தோம், அந்தக் கை உடைந்தது அங்கேதான், அதை மாற்றி எழுதியவன் நான்தான். இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகாது.

"ஆமாங்க, அவங்க நல்லா நடிப்பாங்க" என்றேன்.

விமர்சகர்கள்மேல் நான் இத்தனை பக்கம் காய்ந்தேனே, அவர்களுக்காவது ஊர் தெரியாது, கதவு தெரியாது. எனக்கு எல்லாம் தெரியும். அந்தப் படத்துக்கு வந்த விமர்சனங்களிலேயே கேடுகெட்ட விமர்சனம் நான் அன்றைக்குச் சொன்ன அந்த நான்கு சொல்தான்.

ஆடிட்டரின் கார் மெயின் ரோட்டைத் தொட்டிருக்காது. வாட்ச்மேன் பூட்டோடு பின்கதவுக்கு வந்துவிட்டார். "பூட்டிப்போடட்டுங்களா சார்? லோடு வருது, பண்டல் அடுக்கோணுமாமா."

செக்கிங் டேபிள் அந்தக் கதவுக்குப் பக்கத்தில்தான். அந்த அம்மா கையிலிருந்த பீஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். உள்ளே என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியும். வெளியே நான் என்ன சொன்னேன் என்பதும் அதற்குள் யாரோ சொல்லித் தெரிந்திருந்தது.

"பூட்டிருங்க" என்றேன்.

அவர் எழுந்து வந்து வாட்ச்மேன் கையிலிருந்து பூட்டையும் சாவியையும் வாங்கினார். தானே கதவைச் சாத்தி, கொண்டியை இழுத்து, பூட்டை மாட்டி அழுத்தினார். இழுத்துப் பார்த்தார். சாவியை என் கையில் வைத்தார்.

"இத ஒரு படத்துல வச்சாக்க ஒருத்தனும் நம்ப மாட்டான் சார்" என்று சொல்லிவிட்டு, டேபிளுக்குப் போய் அடுத்த பீஸை எடுத்தார்.